மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஹோண்டா கே24 எஞ்சின்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது. இரண்டு இருக்கை, பின்சக்கர இயக்கம், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை ஆகியவற்றுக்காகவே அது இன்றும் விரும்பப்படுகிறது. 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார்களில் தொடக்கத்தில் இருந்த 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைத்திறனும் ஏறத்தாழ 136 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அந்த இரும்பு பிளாக் எஞ்சினை இறக்கிவிட்டு, ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான அக்யூராவில் 2004 முதல் 2008 வரை விற்பனையான டிஎஸ்எக்ஸ் காரின் கே24ஏ2 என்னும் 2.4 லிட்டர் அலுமினிய எஞ்சினை ஏற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. 200 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர் என்ற அளவு இவ்வளவு இலேசான காருக்கு மிகத் தாராளமானது.

எஞ்சினை இறக்கி ஏற்றுவது எப்படி என்று இங்கே விளக்கப்போவதில்லை. ஏற்றி முடித்த பின், கார் ஓடாமலோ, ஓடியும் நிம்மதி தராமலோ இருக்கும் நிலையில், காணும் அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடிச் செல்லும் வழியையே சொல்கிறேன். ஒரு செய்தியை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல நிலையில் வாங்கிய கே24 எஞ்சின் தன்னளவில் பழுதாவது அரிது. மாஸ்டாவின் அமைப்பும் ஹோண்டாவின் அமைப்பும் சந்திக்கும் இடங்களில்தான், அதாவது எர்த் ஒயரில், பெட்ரோல் பம்ப் ரிலேயில், கூலண்ட் ஹோஸ் செல்லும் பாதையில், கியர்பாக்ஸை இணைக்கும் தகட்டில்தான், பெரும்பாலான குறைகள் பிறக்கின்றன. எஞ்சினைத் திறக்கும் எண்ணம் வந்தால், இந்த இணைப்புகள் அனைத்தையும் அளந்து பார்த்துவிட்டோமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது, அல்லது மின்சாதனங்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன

இந்தக் காரின் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் எதிர்முனை அங்கேயே பாடியுடன் இணைகிறது. முன்னால் இருக்கும் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே வேறொரு எர்த் பட்டை தேவை. பழைய எஞ்சினை இறக்கும்போது அந்தப் பட்டையும் அதனோடு போய்விடும், புதிய எஞ்சினோ ரப்பர் மவுண்டுகளின் மேல் மின்தொடர்பின்றி உட்கார்ந்திருக்கும். அப்போது செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் லிவர் போன்ற கிடைத்த வழியிலெல்லாம் பாடிக்குத் திரும்ப முயலும். சாவியைத் திருப்பிய பின் ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை சூடாக இருந்தாலோ, முகப்பு விளக்கைப் போட்டவுடன் வெப்பமானியின் முள் அசைந்தாலோ, வேறு எதையும் தேட வேண்டாம், எர்த் தான்.

இதை ஊகத்தால் முடிவு செய்யாமல் அளந்தே உறுதி செய்யலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும், மறுமுனையை டிக்கியில் உள்ள பேட்டரியின் எதிர்முனையிலும் பிடித்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அளவு 0.2 வோல்ட்டைச் சுற்றியே இருந்தால் எர்த் நன்றாக உள்ளது. அரை வோல்ட்டைத் தாண்டினால், பிளாக்கிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரிக்கும் தனித்தனியாக அளந்து, எந்தப் பகுதியில் வோல்ட் விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் இறுக்கிய போல்ட், எத்தனை தடிமனான ஒயர் போட்டாலும் வேலை செய்யாது. சுரண்டி உலோகத்தைக் காட்ட வேண்டும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் எர்த் ஒயர்களும் எஞ்சினிலேயே பிடிக்கப்படுவதால், இந்தச் சோதனையை முடிக்காமல் கீழே வரும் எந்தச் சென்சார் குறையையும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே மூன்று வகையான நடத்தைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிடுவதால்தான் பலர் நாட்கணக்கில் அலைகிறார்கள்.

முதலாவது, சாவியைப் பிடித்திருக்கும் வரை ஒரு முறைகூட வெடிக்காமல், சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒரு முறை பிடிப்பது போல் துள்ளும் எஞ்சின். இசியுவுக்கான மின்சாரம், செல்ஃப் அடிக்கும்போது துண்டிக்கப்படும் ஒயரிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ரேடியோ போன்றவற்றுக்கான இணைப்பைச் சாவியின் இறுதி நிலை அணைத்துவிடும். அதில் இசியுவை மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் அது உறங்கிவிடும், சாவியை விட்டவுடன் விழித்துக்கொள்ளும், சுழன்று நிற்கும் எஞ்சினில் ஒரு பொறி விழும். சாவி 'ஆன்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் ஒருசேர 12 வோல்ட் தரும் ஒயரைத் தேடி மாற்றினால் தீரும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் அழகாகப் பிடித்து, சாவியை விட்ட இரண்டு மூன்று நொடிகளில் அணைந்துவிடும். 1990 முதல் 1993 வரையிலான 1.6 லிட்டர் கார்களில் இது ஏறத்தாழ எதிர்பார்க்க வேண்டிய குறை. அந்தக் கார்களில் காற்று உட்புகும் வழியில், மடல் போன்ற கதவு கொண்ட காற்றளவி ஒன்று இருந்தது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது கதவு திறந்து, அதனுள் இருக்கும் சிறு சுவிட்சை மூடும். அந்தச் சுவிட்ச்தான் பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் ரிலேவுக்கு வேறொரு வழியில் ஆணை கிடைக்கும். ஹோண்டா எஞ்சினுக்கு அந்தக் காற்றளவி தேவையில்லை என்று கழற்றி எறிந்ததும், செல்ஃப் அடிக்கும் வரை பம்ப் ஓடும், பின் நின்றுவிடும்.

உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் உள்ள பரிசோதனைப் பெட்டியில் எஃப்/பி என்று குறிக்கப்பட்ட துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியை 'ஆன்' செய்தால் பம்ப் தொடர்ந்து ஓட வேண்டும். இப்போது எஞ்சின் அணையாமல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டு ஒயரை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். கார் கவிழ்ந்தாலும் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கும் பம்ப், திறந்த கூரை கொண்ட காரில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. ஹோண்டா இசியுவில் பம்ப் ரிலேயை எர்த் செய்வதற்கென்றே ஒரு முனை இருக்கிறது. காற்றளவிக்குச் சென்ற ரிலே ஒயரை அதனோடு இணைப்பதே சரியான தீர்வு.

மூன்றாவது, எஞ்சின் எந்த நிலையிலும் பிடிப்பதே இல்லை. ஹோண்டாவின் சாவிப் பூட்டு அமைப்பான இம்மொபிலைசர் உயிரோடு இருந்தால், செல்ஃப் சுற்றும், எரிபொருள் மட்டும் தடுக்கப்படும். டிஎஸ்எக்ஸ் காரின் மூல இசியு, எஞ்சினுக்குள் செல்லும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலை மின்னணு முறையில் இயக்குவதற்காகச் செய்யப்பட்டது. அதனால் இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் பலரும் கேபிள் த்ராட்டிலையும், அக்யூரா ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ் காரின் இசியுவையும், அதன் நிரலை மாற்றுவதற்கு ஹொண்டேட்டா நிறுவனத்தின் கேப்ரோவையும் பயன்படுத்துகிறார்கள். கேப்ரோவில் இம்மொபிலைசரை அணைக்கும் தேர்வு இருக்கிறது. அது அணைக்கப்பட்டதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், லேப்டாப்பை இணைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகம் திரையில் வருகிறதா என்று கவனியுங்கள். பூஜ்ஜியமாகவே இருந்தாலோ பி0335 என்னும் பிழைக் குறியீடு பதிவானாலோ கிராங்க் சென்சாரின் ஒயரைத் தேட வேண்டும். 200 அல்லது 250 சுற்றுகள் காட்டியும் பிடிக்காவிட்டால் சிக்னல் வருகிறது. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் நேரம் வந்துவிட்டது.

பெட்ரோல் அழுத்தம் தனி விளக்கம் கேட்கிறது. பழைய மாஸ்டா அமைப்பில் எஞ்சின் வரை சென்ற பெட்ரோலில் மிகுதி, திரும்பும் குழாய் வழியாக டாங்கிக்குப் போகும். அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர் எஞ்சினின் மேலேயே இருந்தது. டிஎஸ்எக்ஸ் அமைப்பில் திரும்பும் குழாய் கிடையாது, ரெகுலேட்டர் டாங்கிக்குள் இருந்தது. ஆகவே பழைய காரில் புதிய எஞ்சினுக்குத் தனி ரெகுலேட்டர் ஒன்று வைத்தாக வேண்டும். அழுத்தம் 47 முதல் 54 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். ரெகுலேட்டரின் தலையில் உள்ள சிறு குழாயை எஞ்சினின் வெற்றிடத்தோடு இணைப்பதா, திறந்து விடுவதா என்பதில் தவறு நேர்கிறது. ஹோண்டாவின் மூல அமைப்பில் அழுத்தம் வெற்றிடத்தைப் பொறுத்து மாறாது. இசியுவின் எரிபொருள் அட்டவணையும் அதை எண்ணியே எழுதப்பட்டது. வெற்றிடத்தை இணைத்தால் ஐட்லிங்கில் அழுத்தம் சில பிஎஸ்ஐ குறைந்து, எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் உதறும். வெற்றிடத்தோடுதான் இணைப்பேன் என்றால் அட்டவணையையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இரண்டில் ஒன்று, கலக்கக் கூடாது.

வெப்பம் ஏறுகிறது

இந்த மாற்றத்தில் எஞ்சினையே கொல்லக்கூடிய அறிகுறிகளில் இது ஒன்று. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எப்போது ஏறுகிறது என்று பிரித்தறிய வேண்டும். நின்றிருக்கும்போதும் நெரிசலிலும் மட்டும் ஏறி, சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால், அது காற்றாடியின் குறை. 1.6 லிட்டர் காரின் காற்றாடியை இயக்கியது பழைய எஞ்சினின் தெர்மோஸ்டாட் உறையில் இருந்த வெப்பச் சுவிட்ச். எஞ்சினோடு அதுவும் போய்விட்டது. காற்றாடி ரிலேயின் ஒயரை இசியுவின் காற்றாடி முனைக்குக் கொண்டு போகவில்லை என்றால் காற்றாடி ஒருபோதும் சுற்றாது. கூலண்ட் 95 டிகிரி செல்சியஸைத் தொடும் வரை காரை நிறுத்தி வைத்துக் கவனித்தாலே தெரிந்துவிடும்.

மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் ஏறி, மெதுவாக ஓட்டும்போது இறங்கினால், ரேடியேட்டர் வழியாகக் காற்று போதுமான அளவு செல்லவில்லை. எம்எக்ஸ்-5 காரின் மூக்கு மிகத் தாழ்வானது. முன்வாயில் புகுந்த காற்று ரேடியேட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு. எஞ்சின் வேலைக்காக அதைக் கழற்றியவர்கள், கனமில்லாத வெறும் மூடி என்று எண்ணித் திரும்ப மாட்டுவதில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சினுக்கு அடியிலிருந்து புகும் காற்று ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தை ஏற்றிவிடும், முன்னிருந்து வரும் காற்று தயங்கி நிற்கும். பெரிய ரேடியேட்டர் வாங்கப் பணம் செலவிடுவதற்கு முன் அந்தத் தகட்டை மாட்டிப் பாருங்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டு இடைவெளிகளையும் நுரைப் பட்டையால் அடையுங்கள்.

எந்த வேகத்திலும் ஒழுங்கின்றி ஏறி இறங்கினால், ஹீட்டரைப் போட்டதும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி வந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஏன் சிக்குகிறது என்பது இந்தக் காரின் வடிவத்தில் அடங்கியுள்ளது. கே24 எஞ்சின் தன் சொந்தக் காரில் குறுக்காகக் கிடக்கும். எம்எக்ஸ்-5 காரில் அதை நீளவாட்டில் திருப்பி வைக்கிறோம். டைமிங் செயின் முன்னோக்கியும், கியர்பாக்ஸ் முனை எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள சுவரை நோக்கியும் திரும்புகின்றன. சூடான கூலண்ட் வெளியேறும் வாய் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் முனையில் இருப்பதால், அது இப்போது எஞ்சினின் பின்கோடியில், உயரமான இடத்தில் அமைந்துவிடுகிறது. ரேடியேட்டரோ தாழ்ந்த மூக்கில், மூடியோடு சேர்த்து அதைவிடக் கீழே இருக்கிறது. கிணற்றைவிட உயரமான மேட்டிற்குக் கிணற்றுத் தண்ணீர் தானாக ஏறாது. அதுபோல ரேடியேட்டர் மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் அந்த உயர்ந்த வாயில் காற்று அப்படியே நிற்கும்.

நிலையான தீர்வு, அந்த உயரமான இடத்திலேயே ஊற்றும் வாய் ஒன்றையோ காற்று விடும் திருகையோ அமைப்பது. அது வரும் வரை, காரின் முன்பக்கத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியே மிக உயர்ந்த இடமாகும்படி செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓட விட்டு, குமிழி வருவது நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் மூடியைத் திறக்க வேண்டாம். வேலையைக் குளிர்ந்த எஞ்சினில் தொடங்குங்கள். ஆறவிட்டு இரண்டாம் முறையும் செய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணியே நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொரு காரணம் குறைவாகவே பேசப்படுகிறது. கே வகை எஞ்சினில் தெர்மோஸ்டாட் சூடான நீர் வெளியேறும் பக்கத்தில் இல்லை. ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த நீர் திரும்பி வரும் பக்கத்தில் இருக்கிறது. ஹீட்டர் வழியாகச் சுற்றி வரும் சூடான நீர் அதைத் தொட்டால்தான் எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியும். எடை குறைக்கிறேன் என்று ஹீட்டரைக் கழற்றி இரண்டு குழாய்களையும் அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் குளிர்ந்த நீரில் உட்கார்ந்துகொண்டு, தாமதமாகத் திறந்து, உடனே மூடி, மறுபடி திறக்கும். முள் ஏறுவதும் சரிவதுமாக அலையும். ஹீட்டர் வேண்டாம் என்றாலும் அந்த இரு முனைகளையும் அடைக்காமல் ஒரு ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும்.

பழைய டாஷ்போர்டின் வெப்பமானிக்குத் தனியாக ஒற்றை ஒயர் சென்சார் வேண்டும். ஹோண்டாவின் சென்சார் இசியுவுக்கு மட்டுமே பொருந்தும். முள் காட்டுவதை நம்பாமல், இசியு காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எஞ்சின் சூடாகிறது என்ற முடிவுக்கு வாருங்கள்.

ஐட்லிங் நிலையாக இல்லை

1,000 சுற்றுகளுக்கும் 1,800க்கும் இடையே ஊசல் போல் ஏறி இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ புகுகிறது. பிரேக் பூஸ்டர் குழாய், இன்டேக் மேனிஃபோல்டில் அடைக்காமல் விட்ட முனை, த்ராட்டில் உடலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வேறு மாடலின் கேஸ்கெட் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றாவது எளிதில் கண்ணுக்குப் படாது. சுழற்சி ஏறியே நின்று இறங்க மறுத்தால், பழைய காரின் ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம் போதாமல் த்ராட்டிலை இழுத்துக்கொண்டிருக்கலாம். எஞ்சின் மவுண்டில் அசையும்போது இன்னும் இழுக்கும்.

இந்தக் காருக்கே உரிய குறை ஒன்று உண்டு. முகப்பு விளக்குகளை மேலெழுப்பும் மோட்டார்கள் சுழலும் நொடியில் எஞ்சின் தடுமாறி, சில வேளைகளில் அணைந்தும் விடும். ஹோண்டா கார்களில் மின்சுமையை உணர்ந்து இசியுவுக்குச் சொல்லும் சென்சார் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும். இங்கே அது இல்லாததால் சுமை வருவது இசியுவுக்கு முன்கூட்டித் தெரியாது. அந்தச் சென்சாரைப் பொருத்தலாம், அல்லது ஐட்லிங் வேகத்தைச் சற்றே உயர்த்தி வைக்கலாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவே இல்லை என்றால், பேட்டரி எச்சரிக்கை விளக்கு வழியாகச் செல்லும் எல் முனை ஒயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

மேல்சுழற்சியில் இழுவை இல்லை

ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுகளுக்கு மேல் எஞ்சின் இறுகிப் போனது போல் தோன்றினால், மேல்சுழற்சியில் வால்வுகளை அதிகம் திறக்கும் விடெக் அமைப்பு செயல்படவில்லை. எண்ணெய் அழுத்தத்தால், வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் பூட்டும் அமைப்பு அது. எண்ணெய் குறைந்தாலோ, சோலினாய்டுக்கு அடியில் கேஸ்கெட்டோடு சேர்ந்த சிறு வலை அடைபட்டாலோ, அழுத்தச் சுவிட்சின் ஒயர் இணைக்கப்படாமல் போனாலோ இசியு அனுமதிக்காது, பி1259 குறியீட்டைப் பதிவு செய்யும். வால்வு நேரத்தை மாற்றும் விடிசி அமைப்பிலும் இதே போன்ற வலை உண்டு. பி1009 வந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பி0341 வந்தாலோ செயின் நீட்சியையும் விடிசி பல்சக்கரத்தையும் சோதிக்க வேண்டும். எஞ்சினுக்குள் கை வைக்க நியாயம் தரும் ஒரு சில குறியீடுகளில் அது ஒன்று.

வளைவில் எண்ணெய் விளக்கு மின்னுகிறது

எஞ்சினை அணையுங்கள். இலேசான கார் வளைவை வேகமாகக் கடக்கும். மாஸ்டாவின் குறுக்குச் சட்டத்தைத் தாண்டுவதற்காக வடிவம் மாற்றிய சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றை இழுக்கிறது. சம்பின் கொள்ளளவு மாறியிருப்பதால் பழைய அளவுக்கோலின் குறிகளும் பொய் சொல்லலாம்; அளந்து ஊற்றிய எண்ணெயைக் கொண்டு புதிய குறி இட வேண்டும். எஞ்சின் சூடான நிலையில் ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐ, 3,000 சுற்றுகளில் 44 பிஎஸ்ஐ என்பவை ஹோண்டா சொல்லும் குறைந்தபட்ச அளவுகள். இவை நேரான சாலையில் கிடைத்து வளைவில் மட்டும் விழுந்தால், தடுப்புத் தகடுகள் கொண்ட சம்பைத் தவிர வேறு மருந்தில்லை. 1995 முதல் வந்த கார்களின் எண்ணெய் அழுத்தமானி உண்மையான அளவைக் காட்டாது. அழுத்தம் உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும் சுவிட்சால் அது இயங்குகிறது. அத்தகைய காரில் தனி அளவி ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும்.

கிளட்ச் விடவில்லை

மிதியை அழுத்தி ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடும்போது பற்கள் உரசினால் கிளட்ச் முழுமையாக விடவில்லை. இரண்டு மூன்று முறை மிதித்த பின் சரியானால் ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கிறது. எத்தனை முறை மிதித்தாலும் மாறாவிட்டால், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். தண்டு முழுதும் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால், இணைப்புத் தகட்டின் தடிமனுக்கும் ஃப்ளைவீலின் உயரத்துக்கும் ரிலீஸ் பேரிங் பொருந்தவில்லை. அல்லது உள்தண்டின் நுனியைக் கிராங்கில் தாங்கும் பைலட் பேரிங் இறுகி, கிராங்கோடு சேர்த்து கியர்பாக்ஸின் உள்தண்டையும் சுழற்றுகிறது. இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

அதிர்வு

அதிர்வு எஞ்சின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, சாலை வேகத்தைப் பின்பற்றுகிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். வெறிச்சோடிய, நேரான சாலையில், அதிர்வு தெரியும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின், ஃப்ளைவீல், கிளட்ச் பக்கம். தொடர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கரம் பக்கம். நின்ற காரில் எஞ்சினை அதே சுழற்சிக்கு உயர்த்தியும் ஒப்பிடலாம். ஐந்து கியர் பெட்டியின் நான்காம் கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால், அந்தக் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும். அங்கே மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம்.

எஞ்சின் பக்க அதிர்வில் நான் முதலில் சந்தேகிப்பது கியர்பாக்ஸ் நடுப்புள்ளியைத்தான். ஹோண்டா பிளாக்கையும் மாஸ்டா கியர்பாக்ஸையும் இணைக்கும் தகட்டில், இரண்டு பக்கமும், பகுதிகளைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் ஊசிகள் சரியாக அமர வேண்டும். ஊசியை விட்டுவிட்டு போல்ட்டின் பிடியை மட்டும் நம்பினால், கிராங்கின் மையமும் உள்தண்டின் மையமும் விலகும். டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றி வரச் செய்தால், முள்ளின் மொத்த அசைவில் பாதி, உண்மையான விலகல். இந்த விலகல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள வழக்கம். இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பைலட் பேரிங்கும், பின்னர் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் தேய்ந்து ஊளையிடும்.

சாலை வேகத்தைப் பின்பற்றும் அதிர்வுக்கு, இந்தக் காரின் தனிச்சிறப்பான பகுதி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இறுகப் பிணைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே கார் பதிலளிக்கும் அந்த நேர்மையான உணர்வு அதனால்தான் கிடைக்கிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் மூட்டுகள் சாய்வில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும்; முன் மூட்டும் பின் மூட்டும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் சரிசெய்துவிடும். புதிய மவுண்டுகள் எஞ்சினைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ கியர்பாக்ஸின் வால் எதிர்த்திசையில் நகரும், இரண்டு கோணமும் பொருந்தாமல் போகும். சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கோணமானியால் கியர்பாக்ஸின் சாய்வையும் டிஃபரன்ஷியலின் சாய்வையும் அளந்து, வேறுபாடு ஒரு டிகிரிக்குள் வரும்படி நிறுத்தி, பிறகு இறுக்க வேண்டும். மாஸ்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு சட்டத்தை நிறுத்த வேண்டிய உயரத்தைச் சொல்கிறது. அது மூல எஞ்சினுக்கான அளவு என்பதை மறவாமல், கோணத்தையே இறுதி அளவாகக் கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து ஊளைச் சத்தமும், கியர் மாற்றும்போது 'டக்' என்ற அடியும் கேட்டால், 1.6 லிட்டர் காரின் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்கலாம். அதன் பல்சக்கரம் ஆறு அங்குல வகை. 1994 முதல் வந்த 1.8 லிட்டர் கார்களில் ஏழு அங்குல வகை. 136 நியூட்டன் மீட்டருக்காகச் செய்த சிறிய பல்சக்கரத்தின் மேல் 225ஐ ஏற்றினால், எவ்வளவு மென்மையாக ஓட்டினாலும் அதன் ஆயுள் குறைவே. பற்களில் பொடிந்த தடங்கள் தெரிந்தால் அதைச் செப்பனிடுவதில் பணத்தைப் போடாமல், ஏழு அங்குல டிஃபரன்ஷியலையும் அதற்குரிய பக்க ஆக்சில்களையும் ஒருசேர மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் மேலே சொன்ன கோணங்களை மறுபடியும் அளக்க வேண்டும்.

டாஷ்போர்டு முட்கள்

டாக்கோமீட்டர் அசையாவிட்டாலோ தாறுமாறாகத் துள்ளினாலோ, பழைய மீட்டர் இக்னைட்டரின் வலுவான சிக்னலுக்குப் பழகியது என்பதை நினைவில் கொண்டு, இசியுவின் டாக்கோ ஒயரை ஒரு கிலோ ஓம் அளவிலான ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டோடு இணைத்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளால் இயங்குவதால், மாஸ்டா கியர்பாக்ஸ் இருக்கும் வரை அது தானே வேலை செய்யும். ஆனால் இசியுவுக்கு வேக சிக்னல் கிடைக்காமல் எச்சரிக்கை விளக்கு எரியும். கேபிளின் இடையே பொருத்தும் துடிப்பு சென்சார் ஒன்றால் அதையும் தீர்க்கலாம்.